மூன்று நாள் நீலம்

நீல வெளிச்சம் சுவரில் ஓடுகிறது, உமையாள் விரலை அசைத்தால் அதுவும் துள்ளுகிறது, காபி ஆறுகிறது, ஆறட்டும், இன்று மூன்றாம் நாள், இன்று மட்டும் தாண்டிவிட்டால் மோதிரம் அவளுடையது, ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கல்லுக்காக இப்படிக் கூத்தாடுகிறாளே என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், காரைக்குடிப் பழம்பொருள் கடையில் மைதீன் பாய் தகர டப்பாவைக் கவிழ்த்தபோது நசுங்கிய ஜிமிக்கிகளுக்கும் ஒற்றைத் தோடுகளுக்கும் நடுவே கிடந்தது, கல் விரலைத் தொடும்படி அடியில் திறந்து கட்டிய பழைய மோதிரம், பாய்தான் தடுத்தார், ஆச்சி, நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கிடாது, மூணு நாள் போட்டுப் பாருங்க, கெட்டது ஏதும் நடந்தா திருப்பிக் குடுத்துருங்க, இதிலெல்லாம் ஊறிப்போன அவள் கணவர் சாத்தப்பன் உடனே தலையாட்டினார், அதான் முறை, சின்னக் கெடுதல்னாலும் கல்லு கடைக்குப் போயிரும், ஆமா.

எட்டு வயது உமையாளின் கண்ணுக்கு நேரே சின்னாத்தா, அம்மாவின் தங்கை, இதே நிறத்தில் ஒரு கல் மோதிரத்தைப் பிடிக்கிறாள், வெயிலைப் பாருடி, முற்றம் நீலம், காயும் வற்றல் நீலம், சிரிக்கிற சின்னாத்தாவின் பல்லும் நீலம், அந்த வருடமே அவள் கணவர் பஸ் கவிழ்ந்து இறந்தார், கல்லுதான் காவு வாங்கிருச்சு என்று விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், பிறகு சின்னாத்தா சிரித்து யாரும் பார்த்ததில்லை, முந்தாநாள் மதியம் கண்ணயர்ந்தபோது வந்து நிற்கிறாள், கழட்டிராதடி, கனவில் சொன்னாளா, அன்றைக்கே சொன்னாளா, உமையாளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, கழற்றவும் இல்லை, முதல் நாள் பால் திரிந்தது, சத்தமில்லாமல் கொட்டிவிட்டாள், நேற்றுக் குளியலறையில் வழுக்கி முழங்கால் கன்றிப்போனது, என்ன நொண்டுறே என்ற சாத்தப்பனிடம், கால் மரத்துப்போச்சுங்க, கூசாமல் பொய், கல்யாணமான முப்பது வருடத்தில் முதல் பொய், ஆனாலும் நெஞ்சு திருவிழாவுக்குக் கிளம்பிய பிள்ளைபோல் குதிக்கிறது.

சாத்தப்பன் வருகிறார், இந்த வெக்கையில் முழுக்கைச் சட்டை, காபியை நீட்டினால் வாங்கும்போது முகம் சுளிக்கிறார், இவள் சட்டைக் கையை ஏற்றிவிடுகிறாள், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு, என்னங்க இது, நேத்து ஸ்கூட்டர் சறுக்கிருச்சு, ஏன் சொல்லலை, சொன்னாக் கல்லைக் கழட்டணுமே உமையா, மூணு நாளா பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியுறே, நீ பாடி நான் கேட்டதே இல்லையே, அவளுக்குக் கவிழ்ந்த பஸ், சின்னாத்தாவின் வெறும் விரல் எல்லாம் கண்ணில் ஓடுகிறது, வேணாங்க, எனக்கு நீங்கதான் வேணும், திருப்பிருவோம், என்று மோதிரத்தை இழுக்கிறாள், அது விரல் கணுவில் சிக்கிக்கொள்கிறது, அப்போது பார்த்து மைதீன் பாயின் போன்.

சாத்தப்பன் கட்டுப் போட்ட கையாலேயே எடுத்தார், இல்லை பாய், ஒரு கெடுதலும் இல்லை, ரொம்ப நல்லா ஒத்துக்கிடுச்சு, என்று சொல்லிக்கொண்டே மற்றக் கையால் அவள் மோதிரத்தைப் பழையபடி விரலின் அடிவரை தள்ளிவிட்டார்.