வாகீசன் வீட்டில் எதுவும் மூடுவதில்லை

உலகத் தமிழரின் வரலாற்றை யாராவது முறையாக எழுத முன்வந்தால், கனடா ஸ்காபரோவின் 'பொற்கூறை' திருமண இணையத்தளம் வீழ்ந்த மாசி மாதத்துக்குத் தனி அதிகாரமே ஒதுக்க வேண்டியிருக்கும். இராச்சியங்கள் துரோகத்தாலும் பஞ்சத்தாலும் வீழ்ந்தன. பொற்கூறை வீழ்ந்தது, அதன் உரிமையாளர் வாகீசன் கம்பனி ரெலிபோன் நம்பரையே கடவுச்சொல்லாக வைத்திருந்ததால். அந்த நம்பரை அச்சடித்து அவர் இலவசமாகக் கொடுத்த கலண்டர் ஊரில் பாதிக் குசினிகளில் அடுப்புக்கு மேலே தொங்கியது. அந்த மாசியிலிருந்து வாகீசனுக்குச் சொந்தமான எதுவும் மூடுவதில்லை.

திருடப்பட்ட விபரங்கள் இணையத்தில் கொட்டின. உண்மையான வயது, உண்மையான சம்பளம், மறைத்த முதற் கலியாணம் எல்லாம் ஒரே நாளில் ஊருக்குத் தெரிந்தன. 'உங்கள் அந்தரங்கமே எங்கள் உயிர்மூச்சு' என்று வாகீசன் எல்லோருக்கும் ஈமெயில் அனுப்பினார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று லோயர் சொல்லியிருந்தார்.

மோர்னிங்சைட்டில் பல் வைத்தியரிடம் வேலை செய்த குணவதி, புருசன் செத்து ஒன்பது வருசத்துக்குப் பிறகு, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அதில் பதிந்திருந்தாள். எதிர்பார்ப்பு என்ற இடத்தில் 'என்னோடு இருந்து கதைக்கிற ஒரு ஆள்' என்று எழுதியிருந்தாள். அப்படி ஒருவர் கிடைத்தும் இருந்தார். மில்லிக்கனில் இருந்த இரத்தினவேல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் போன் எடுப்பார். மரக்கறி விலையிலிருந்து மரணம் வரை கதைப்பார். குணவதியின் அந்த ஒரு வரி வட்ஸ்அப் குழுக்களில் ஊர்வலம் போன பிறகு அவர் எடுப்பதில்லை. பிறந்தநாள் வீடொன்றில் கேக்குக்குப் பக்கத்தில் நின்று மச்சாள் கேட்டாள்: "என்ன மச்சாள், கதைக்க ஆள் கிடைச்சிட்டுதே?" சிரிக்காமல் நின்றது கேக் மட்டும்தான்.

குணவதி வாகீசனின் கம்பனிக் கந்தோருக்குப் போனாள். "எனக்கு உம்மட காசு வேண்டாம் தம்பி. பிழை விட்டது நான்தான் எண்டு என்ர முகத்துக்கு நேர சொல்லும், போறன்."

"அன்ரி, உது லோயரோட கதைக்க வேண்டிய விசயம்."

இனி மண் அள்ளித் தூற்றுவதுதான் மிச்சம். ஆனால் ரொறன்ரோவில் மாசி மாதத்து மண்ணை அள்ள முடியாது, அது கல். காரில் ஐஸ் சுரண்டும் தகட்டால் கொத்திப் பார்த்தாள், தகடு முறிந்தது. கடைசியில் கடைக்குப் போய், பூச்சாடிக்குப் போடும் மண்ணில் ஒரு பை வாங்கி வந்து, வாகீசனின் வாசலில் நின்று இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். "என்ர சீவியத்தைத் திறந்து போட்டவன்ர ஒண்டும் மூடாமல் கிடக்க!"

கடை மண் என்றாலும் வேலை செய்தது. அன்று பின்னேரமே வாகீசனின் முன்கதவு திறந்தது, பிறகு மூடவில்லை. பூட்டுக்காரன் மூன்று பூட்டுப் போட்டான், மூன்றும் வாயைப் பிளந்தன. குளிர்சாதனப் பெட்டி, பானை மூடி, கார்க் கண்ணாடி, குளியலறைக் கதவு எல்லாம் திறந்தே கிடந்தன. சோபாவில் பனி பெய்தது. பஸ்ஸில் போகிறவர்கள் வாகீசன் பல் தீட்டுவதையும் மற்றதையும் பார்த்து நேரம் சரி என்று அறிந்தார்கள். நகரசபையிலிருந்து வந்தவர், காற்றோட்டம் நல்லது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வாகீசனின் மனைவி குணவதியிடம் வந்து, மிச்ச மண்ணைக் கடையிலேயே திருப்பிக் குடுத்தால் சாபமும் திரும்பாதா என்று அழுதாள். "பில் துலைஞ்சு போச்சுது தங்கச்சி. பில் இல்லாமல் எடுக்கமாட்டாங்கள்," என்றாள் குணவதி.

வருசம் திரும்பியது. வாகீசனே பணம் கொடுத்து நடத்துவிக்கும் சங்கம் ஒன்று, வெளிப்படையான நிர்வாகத்துக்காக அவருக்கே விருது அறிவித்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் விருது என்றால் வாகீசனுக்கு வழியிலே பள்ளம் தெரியாது. காற்சட்டைச் சிப் பூட்டாது, பெல்ற் கொளுவாது, கயிறு கட்டினால் அவிழும். ஆகவே ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி மேடை ஏறி, மறு கையால் கேடயத்தை வாங்கினார். மண்டபத்தில் அதை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

குணவதி முன்வரிசையில் எழும்பினாள். "தம்பி, இப்ப சொல்லும்."

வாகீசன் லோயரைத் தேடினார். லோயர் கொத்துரொட்டி வரிசையில் நின்றார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. பிழை என்ரதான்," என்றார்.

"கும்பிட்டுக் கேளும். ரெண்டு கையாலும்."

வாகீசன் கேடயத்தைக் கீழே வைத்தார். காற்சட்டையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

உள்ளே போட்டிருந்ததை அவர் முன்பின் மாற்றிப் போட்டிருந்தார்.