சோதனை நேரத்தில் பேசக் கூடாது

சமாலின் வேலையில் முதல் விதி, வாயைத் திறக்காமல் இருப்பது. ஒருவரைப் புதிய பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவர் எங்கே தடுமாறுகிறார், எதைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். உதவக் கூடாது. தலையசைக்கவும் கூடாது. அவர் ஏதாவது கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மட்டும் திருப்பிக் கேட்கலாம். எட்டு வருடம் அப்படி உட்கார்ந்ததில், மௌனம் அவளுக்குப் பழைய கம்பளிச் சட்டையைப் போல உடம்போடு ஒட்டிவிட்டது.

அல்மாத்தி நகரத்திலிருந்து மலைக்குப் போகும் வழி முழுக்க ஒராஸ் அதைத்தான் கிண்டல் செய்துகொண்டு வந்தான். மலையிலிருந்து சேற்றுவெள்ளம் இறங்கினால் கீழே பாலத்தடியில் இருப்பவர்களை எச்சரிக்கும் சைரன் பெட்டியை அவர்கள் இருவரும் சேர்ந்து செய்திருந்தார்கள். உள்ளே ஓடுவதெல்லாம் அவன் செய்தது. வெளியே தெரியும் திரையும் பட்டனும் அவளுடையவை. அடுத்த வாரம் வெள்ளத் தடுப்புக் குழு கூடி, அதை ஏற்பதா பழையதையே வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும்.

"பன்னெண்டு சுவிட்ச் இருந்த பெட்டி இருபது வருஷம் வேலை செஞ்சுது. நீ வந்து ஒரே ஒரு சிவப்புப் பட்டன் வெச்சுட்டு, அதுக்கு ஏழு மாசம் ஆராய்ச்சிங்கறே."

"போன வருஷம் ராத்திரி முறைக்கு வந்த ஒருத்தன் அந்தப் பன்னெண்டுல எட்டாவதை மறந்துட்டு நின்னான். மறந்துட்டியா?"

"அவனுக்கு ஒழுங்கா சொல்லிக்கொடுத்திருக்கணும். ஆளைப் பழக்கறதை விட்டுட்டுப் பெட்டியைப் பழக்கறியே!"

"பயந்துபோனவனுக்கு மூளை ஓடாது, ஒராஸ். கைதான் ஓடும். நான் கைக்காகத்தான் செய்யறேன்."

"யாரு கைக்காக? பெட்டி முன்னாடி உக்காந்திருக்கிறவன் ஒரே ஒருத்தன். கீழ பாலத்துல சுட்ட கறி, ஷஷ்லிக் தின்னுட்டு இருக்கிறவங்க நூறு பேரு. உன் நோட்டுல அவங்களுக்கு எந்தப் பக்கம்?"

அவள் நோட்டைப் பைக்குள் தள்ளினாள். பாதையோரம் ஆறு வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தது. அதன் இரைச்சலில் தன் மௌனம் வெளியே தெரியாமல் போனது அவளுக்கு வசதியாக இருந்தது.

மேலே கண்காணிப்புக் குடிலில் தோசிம் தேநீரும் பவுர்சாக் என்ற பொரித்த ரொட்டியும் எடுத்துவைத்துக் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயது; சமால் அவரை அகா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள். இருபது வருடமாக அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒராஸ் புதிய பெட்டியை மேசையில் வைத்து, ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் கம்பியிலிருந்து வரும் ஒயரைப் பொருத்தினான். பழைய பெட்டி மூலையில், ஒரு துணிக்கு அடியில், சைரன் இணைப்போடு அப்படியே இருந்தது.

"புதுசுல சைரன் ஒயரை மாட்டலை. உன் ஆளு எத்தனை தடவை வேணா குத்தட்டும், கீழ ஒருத்தனுக்கும் கேக்காது" என்றான் ஒராஸ். வாசலில் நின்று கண்ணடித்தான். "போன வருஷ வெள்ளப் பதிவுல நானும் ஒரு சின்ன வேடிக்கை வெச்சிருக்கேன். எப்படி முழிக்கிறாருன்னு பாரு. நான் பாலத்துக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருக்கிறதைப் பாத்தா எனக்கு மூச்சு முட்டும்."

"எனக்கும் ரெண்டு குச்சி ஷஷ்லிக் வாங்கிட்டு வா தம்பி, வெங்காயம் நிறைய போட்டு" என்று தோசிம் பின்னாலிருந்து கத்தினார்.

சமால் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். ஆற்றின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். பதிவைக் கேட்க, ஒலிவாங்கியின் காதுக்கம்பியை ஒரு காதில் செருகிக்கொண்டாள். சாத்திய பிறகும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய சீறல் கேட்டுக்கொண்டே இருந்தது. எரிச்சலாக இருந்தது.

"அகா, நான் இங்கே தட்டினதும் போன வருஷ வெள்ளத்தோட அளவு திரையில ஓடும். நிஜம் மாதிரியே இருக்கும், ஆனா நிஜமில்லை. தோணறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்க. நான் பேச மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"என் பொண்டாட்டி முப்பது வருஷமா இதைத்தான் செய்யறா. ஆரம்பி, தங்கச்சி."

முதலில் அவர் திரையைச் சும்மா பார்த்துப் பழகட்டும் என்று அவள் காத்திருந்தாள். திரையில் எண்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று இருந்தது. பிறகு எழுபத்தொன்று ஆனது. பிறகு அறுபது.

"குறையுதே" என்றார் தோசிம். "வெள்ளம்னா ஏறணும். ஏன் குறையுது?"

சமால் தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைப் பார்த்தாள். 'தொடங்கு' என்ற பச்சைக் கட்டம் இன்னும் தொடப்படாமல் இருந்தது. ஒராஸ் சொன்ன வேடிக்கை இதுதான் என்று நினைத்தாள். தட்டுவதற்கு முன்பே ஓடும்படி செய்திருக்கிறான், படுபாவி.

"நாப்பது. தங்கச்சி, இது உங்க வேலையா, நிஜமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க, அகா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் எதையும் காட்டாமல் இருக்க அவள் எட்டு வருடம் பழகியிருந்தாள்.

"நிஜமா இருந்தா, மேல எங்கேயோ மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. அது உடைஞ்சு வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்." அவர் மீசையைத் தடவினார். "நிஜமா இருந்தா நீ இப்படி உக்காந்திருக்க மாட்டே."

அவள் நோட்டில் எழுதினாள்: பயனர் தயங்குகிறார், நாற்பது விநாடி. அவர் ஜன்னலைப் பார்த்தார். திறந்தால் பதிவு கெடும் என்பதுபோல் அவள் ஒலிவாங்கியைப் பென்சிலால் சுட்டினாள். அவர் சரி என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அவள் மறுபடியும் எழுதினாள்: இன்னும் தயங்குகிறார். காரணம்?

ஒன்பது. பிறகு பூஜ்யம்.

"சரி, விளையாட்டாவே இருக்கட்டும்" என்று தோசிம் கையை நீட்டினார். கை எங்கும் தேடவில்லை, நேராகச் சிவப்புப் பட்டனுக்குப் போனது. அவளுக்கு உள்ளுக்குள் பூரித்தது. ஏழு மாதம் அதற்காகத்தான். திரையில் பெரிய எழுத்தில் 'கீழே சைரன் ஒலிக்கிறது' என்று வந்தது. மூன்று விதமாக எழுதிப் பார்த்து, ஆட்களுக்குத் தைரியம் தருவது இதுதான் என்று அவளே தேர்ந்தெடுத்த வாசகம்.

"நல்லாயிருக்கு. எவ்வளவு சுலபம்!" என்றார் அவர். நாற்காலியில் சாய்ந்தார்.

அவள் எழுதிக்கொண்டிருந்தாள். காதில் ஒலிப்பதிவு துல்லியமாகக் கேட்டது. அவருடைய மூச்சு, நாற்காலியின் மரம் கிறீச்சிடும் சத்தம், அவளுடைய பென்சில். இத்தனை சுத்தமான பதிவு அவளுக்கு இதுவரை அமைந்ததில்லை. பென்சில் நின்றது. கம்பியைக் காதிலிருந்து உருவினாள். வெளியேயும் அப்படித்தான் இருந்தது. சீறல் இல்லை. காலையிலிருந்து அவர்களோடு பேசிக்கொண்டே இருந்த ஒன்று, எப்போது பேச்சை நிறுத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அகா," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "நான் இன்னும் தொடங்கவே இல்லை."

தோசிம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மூலைக்குப் பாய்ந்து துணியை இழுத்து எறிந்தார். பன்னிரண்டு சுவிட்சுகளும் அவர் விரலுக்கு வரிசையாக வந்து விழுந்தன. எட்டாவதும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து சைரன் எழுந்தது. ஜன்னலைத் திறந்ததும் முதலில் வந்தது ஈர மண்ணின் வாசனை, தோண்டிய குழியிலிருந்து வருவது போல. அதன் பிறகுதான் சத்தம். கறுப்பாக, மரங்களைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, குடிலுக்குக் கீழே அது கடந்துபோனது.

பாலத்தடியில் இருந்தவர்கள் சைரன் கேட்டு மேட்டுக்கு ஓடி ஏறிவிட்டார்கள். ஒராஸ் மட்டும் வரவில்லை. ஷஷ்லிக் கடைக்காரர் பிறகு சொன்னார்: ஆறு வற்றியதும் அவன் மட்டும் தனியாக உள்ளே இறங்கி, கல் கல்லாகத் தாண்டி, நடு ஆறு வரை போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். சைரன் கேட்டுத் திரும்பி ஓடிவந்தான், கரைக்குப் பத்தடிதான் பாக்கி.

மாலையில் அவள் கைபேசியை உயிர்ப்பித்தாள். அவனிடமிருந்து இரண்டு படங்கள் வந்திருந்தன. ஒன்றில் ஈரமாகப் பளபளக்கும் கற்கள். கீழே, 'உன் சோதனைக்காக ஆத்தையே நிறுத்திட்டியா?' என்று எழுதியிருந்தான். இரண்டாவதில் அவனுடைய காலணிகள், கல்லின் மேல். அதற்குக் கீழே:

'சைரன் ஊதலை. அப்போ ஒண்ணும் பயமில்லைதானே?'

அது வந்த நேரத்தையும் ஒலிப்பதிவையும் அவள் ஒப்பிட்டுப் பார்த்தாள். அந்த நிமிடத்தில் பதிவில் இருந்தது அவளுடைய பென்சில் சத்தம். தண்ணீர் குறையத் தொடங்கியதிலிருந்து அவள் வாயைத் திறந்தது வரை ஏழு நிமிடம். நடுவில் ஒரே ஒரு முறை, தெளிவாக, அக்கறையோடு, அவள் குரல்: நீங்க என்ன நினைக்கிறீங்க, அகா?

குழு கூடியது. பழைய பெட்டிதான் காப்பாற்றியது, பழகிய கைக்கு எதுவும் சுலபம் என்றார் ஒருவர். புதியதில் ஒயர் இருந்திருந்தால் முதல் அழுத்தத்திலேயே ஊதியிருக்கும் என்றார் இன்னொருவர். இரண்டும் சரிதான் என்று சமாலுக்குப் பட்டது. கடைசியில் அவளுடைய பட்டனையே ஏற்றுக்கொண்டார்கள். அவள் ஒன்றை மட்டும் மாற்றினாள். பாலத்தடியில் ஒரு ஒலிவாங்கியைப் பதித்தாள். சைரன் சத்தம் அதன் காதில் விழுந்தால்தான் 'கீழே சைரன் ஒலிக்கிறது' என்று திரை சொல்லும். நோட்டில் அதற்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்கினாள். மேலே ஒராஸ் என்று எழுதினாள்.

ஜனவரியில் மறுபடி சோதனைக்குப் போனாள். தோசிம் தேநீர் ஊற்றினார். ஜன்னல் திறந்தே இருந்தது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை. தோசிம் கோப்பையைப் பாதியில் நிறுத்தினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐஸ் மூடியிருக்கு, தங்கச்சி" என்றார் அவர். "மார்ச் பாதி வரைக்கும் இப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்."

"தெரியும், அகா."

"தொடங்கலாமா?"

அவள் எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பனியில் முழங்கால் வரை புதைந்து ஆற்றங்கரைக்கு இறங்கினாள். ஐஸின் மேல் படுத்து, தொப்பியை ஒதுக்கிவிட்டு, வெற்றுக் காதை வைத்தாள். வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அடியில், மிகவும் ஆழத்தில், யாரோ மெல்ல நடப்பதுபோல, கல் கல்லாகத் தாண்டித் தாண்டி வருவதுபோல, தண்ணீர் நகர்ந்தது.

காது மரத்துப்போகும் வரை கேட்டுவிட்டு, எழுந்து மேலே பார்த்தாள். குடில் வாசலில் தோசிம் நின்றிருந்தார், கேள்வியாகக் கையை விரித்தபடி.

"இருக்கு!" என்று அவள் கத்தினாள். "ஓடிட்டுதான் இருக்கு, அகா!"