ரிஸ்வானாவுக்குப் புரியாத வங்கி

நூற்றுப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நொடித்துப்போன வங்கியின் வாசலில், போட்ட பணத்தைக் கேட்டு நின்றவர்களின் வரிசை, இந்த ஜூன் மாதம் மண்ணடித் தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. வங்கிக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். சாய்ந்து நிற்க ஒரு சுவர் வேண்டியிருந்தது. முப்பத்தோரு பேர். ஃப்ளோரா டீச்சர் அவர்களை ஜன்னலோரமாக, வெயில் படாத இடத்தில் நிற்கவைத்தார்.

வகுப்பிலும் முப்பத்தோரு பிள்ளைகள். வங்கி ஏன் நொடித்தது என்று டீச்சர் சொல்லக் கேட்டு, ஒரு பிள்ளை எழுந்து “புரிந்தது” என்று சொன்னால், வரிசையில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம்.

டீச்சர் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் வாங்கி, வங்கியாக இருக்கச் சொல்லி மாணவன் யுகேந்திரனிடம் கொடுத்தார். யுகேந்திரன் அவற்றைப் பக்கத்து வகுப்புக்குக் கொடுத்தான். மத்தியானம் டப்பாவோடு ஒரு பிஸ்கட்டும் சேர்த்துத் தருவதாகப் பேச்சு. பக்கத்து வகுப்பு டப்பாக்களோடு வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா போய்விட்டது. டீச்சர் முதல் பெஞ்சில் ஒருத்தியின் காதில் மட்டும், “யுகேந்திரன்கிட்ட ஒண்ணும் இல்லையாம்” என்றார். கடைசி பெஞ்சுக்குச் சேதி போவதற்குள் வகுப்பே அவன் முன்னால் நின்றது. அவனுடைய சொந்த டப்பாவில் நாலு இட்லிதான் இருந்தது. முன்னால் நின்ற நாலு பேருக்குக் கிடைத்தது, மற்றவர்கள் அழுதார்கள். டீச்சர் அனைவருக்கும் பன் வாங்கிக் கொடுத்தார்.

மணி அடிப்பதற்குள் முப்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது பேர், “வருகிறோம் அம்மா” என்று படியிறங்கினார்கள்.

மிஞ்சியவர் தாமோதரம், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். புரியாதவள் ரிஸ்வானா. செவ்வாய்க்கிழமை அழிரப்பரை வைத்தும் புதன்கிழமை கோலிக்குண்டை வைத்தும் டீச்சர் சொல்லிப் பார்த்தார். கண் கொட்டாமல் கேட்டுவிட்டு, “புரியல டீச்சர்” என்றாள்.

“அவசரமில்லை அம்மா,” என்றார் தாமோதரம். “வீட்டுக்காரி ரசம் வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அவ்வளவுதான்.”

 மறுநாள் டீச்சர் ரிஸ்வானாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“எது புரியலடா கண்ணு?”

“எல்லாம் புரிஞ்சுது. சொன்னா இவரு போயிடுவாரு. இவருதான் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிடறாரு.”

 “இவரோட வீட்டுக்காரம்மா ரசம் வெச்சுட்டுக் காத்திருக்காங்க,” என்றார் டீச்சர்.

“எப்போலேர்ந்து?”

“உங்க தாத்தாவோட தாத்தா காலத்துலேர்ந்து.”

ரிஸ்வானா யோசித்தாள். குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றிப் பைக்குள் வைத்தாள். வெறுங்காலோடு எழுந்து நின்று, “புரிஞ்சுது டீச்சர்” என்றாள்.

தாமோதரம் குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் தயங்கினார்.

“ரசம் ஆறியிருக்கும்.”

“சுட வெச்சுக்குங்க,” என்றாள் ரிஸ்வானா.

திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில், ஹாலந்து தேசத்தவர் நாற்பது பேர் ஆளுக்கொரு டூலிப் பூக்கிழங்கைக் கையில் ஏந்தி நின்றார்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிழங்கை ஒரு வீட்டு விலைக்கு வாங்கி, மறுவாரமே விற்க முடியாமல் போனவர்கள். இவர்கள் இரண்டாம் வகுப்புப் பாடம்தான், ஆனால் அங்கே மின்விசிறி ஓடவில்லை என்றார் தலைமையாசிரியர். ஃப்ளோரா டீச்சர் பிள்ளைகளைக் கொஞ்சம் நெருக்கி உட்காரச் சொன்னார்.