ஓரத்துக் கட்டங்கள்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷம் சூடான ரோலருக்கு முன்னால் நின்றவள். இப்போது சூப்பர்வைசர் நாற்காலி காலியாகியிருந்தது. ஆனால் அதில் உட்காருபவர் தினமும் ரிப்போர்ட் எழுதவேண்டும். அதுவும் வீட்டில் பேசும் மொழியில் அல்ல, ஆபீஸ் மொழியில். மாலை வகுப்பில் தேறிவிட்டு வந்தால் நாற்காலி உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இவளோ ஏற்கெனவே இரண்டு கட்டுரைகளில் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி.

தலைப்பு, 'என் வேலை'. லிஃப்ட் மெக்கானிக்கான புருஷனுக்கு அந்த ஆபீஸ் மொழியைக் கரைத்துக் குடித்துவிட்டதாக ஒரு நினைப்பு.

"உள்ளத உள்ளபடி எழுதினா எவன்டி மார்க் போடுவான்? கொஞ்சம் ஜோடனை வேணும்" என்று மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, இவள் தட்டினாள். என் பணியிடம் ஒரு பூங்கா. அங்கே அனைவரும் உடன்பிறப்புகள். உழைப்பே என் மூச்சு. நல்ல பூங்கா, போங்கள்!

கம்ப்யூட்டரில் அனுப்பிய கட்டுரை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வரிக்கு வரி சிவப்புக் கோடு. வலது ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாக இருபத்திரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் டீச்சரின் ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் திருத்தி அனுப்பவேண்டும். அதற்குமேல் கம்ப்யூட்டர் வாங்காது.

சலவைக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. துவைத்த விரிப்பு வார்டிலிருந்து திரும்பி வந்தால், 'இந்தக் கறை ஏன் போகவில்லை?' என்று நர்ஸ் அதில் ஒரு சீட்டைக் குத்தியிருப்பார். விரிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சீட்டுக்குப் பதில் போகவேண்டும். ரத்தம், மருந்து, பழசு என்று ஒரு வார்த்தை கிறுக்கினால் போதும். பதில் போகாவிட்டால் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டியதுதான். பதினோரு வருஷப் பழக்கம் லேசில் விடுமா? மஞ்சள் கட்டங்களைப் பார்த்ததும் அக்கா ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

'பூங்காவா? விளக்கவும்.'

'பூங்காவும் இல்லை, புல்லும் இல்லை. ரோலர் பக்கத்தில் நின்றால் புருவம் பொசுங்கும். ஒருநாள் வந்து நின்று பாருங்கள்.'

'உடன்பிறப்புகள் யார்?'

'அது பொய். மடிப்பு மேஜைக்காரியோடு ஒரு மாதமாகப் பேச்சு இல்லை. ஈரத்தோடு மடிக்கிறாள். சொன்னால் முறைக்கிறாள்.'

கோபம் வந்தால் அவளுக்கு எந்த மொழியும் வந்துவிடும் போலிருக்கிறது. அகராதியைப் புரட்டக்கூட நிற்கவில்லை. இருபத்திரண்டுக்கும் பதில் எழுதி, கட்டுரையில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், ஐந்தரைக்கு அனுப்பிவிட்டு ஜம்மென்று காப்பி போட்டுக் குடித்தாள்.

ஆறரைக்கு வீட்டுக்கு வந்த புருஷன் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி! கட்டுரையத் திருத்தச் சொன்னா, ஓரத்துல நின்னு சண்டை போட்டிருக்கியே!"

"கேள்வி கேட்டா பதில் சொல்ல வேணாமாங்க?"

"அதெல்லாம் நீ திருத்தறதுக்காகக் கேட்டதுடி!"

அவள் மறுபடி அனுப்பப் பார்த்தாள், கம்ப்யூட்டர் வாங்கவில்லை. நாற்காலி போச்சே, பதினோரு வருஷமும் போச்சே என்று வாய்விட்டு அழுதாள். பூங்காவைக் கொடுத்தவர் போய்ப் பாத்திரம் கழுவினார்.

திங்கட்கிழமை வகுப்பில் டீச்சர் அவளை மட்டும் மேஜைக்குக் கூப்பிட்டார். டீச்சர் பேசியது ஆபீஸ் மொழியில்தான். இவளுக்கு இப்போது முக்கால்வாசி புரியும்.

"கட்டுரைக்கு ஜீரோ" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத நான் அழிச்சுட்டேன். ஓரத்துல நீங்க எழுதினத மட்டும் சேர்த்தேன். ரெண்டரைப் பக்கம் வந்துச்சு. முப்பது தப்புக்குக் கோடு போட்டிருக்கேன். கடைசிப் பதில மட்டும் படிங்க" என்று அச்செடுத்த காகிதத்தை நீட்டினார்.

கடைசிக் கேள்வி, 'உழைப்பு ஏன் உங்கள் மூச்சு?' அக்கா தன் பதிலை எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'மூச்சு எல்லாம் இல்லை. ராத்திரி முழுக்க ஒருவர் அழுத தலையணை உறை எங்களிடம் வரும். அடுத்த ஆள் தலை வைக்கும்போது அது தெரியக்கூடாது. அதற்குத்தான் நான் நிற்கிறேன்.'

"இதுலயும் மூணு தப்பு இருக்கு. கோடு போடக் கை வரல." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நீங்க பாஸ்."

அக்கா காகிதத்தை டீச்சர் பக்கமே தள்ளினாள்.

"அதெப்படி டீச்சர்? கோடு போட்டுக் குடுங்க. சூப்பர்வைசர் தப்பா எழுதலாமா?"