ஒரு சொம்பு பச்சைப்பால்

பெரியநாயகசாமிக்குக் கால் மரத்துப்போனது பத்தாவது ஊசியில். வினை ஆரம்பித்தது மட்டும் காப்பியில்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் அவருக்கு இருந்தது ஆறு மா நிலமும் ஒரு கறவை மாடும். பேச்சு மட்டும் அறுபது வேலிக்காரர் பேச்சு. யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். பங்குச்சாமியார் வந்தால் கொஞ்சம் அசைவார், அவ்வளவுதான். மகள் ஜெனிட்டாவைப் பெண் பார்க்கக் குவைத் மாப்பிள்ளை ஜெரால்டு வீட்டார் வேன் பிடித்து வந்த அன்றும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். வளைகுடாச் சண்டை ஓய்ந்து குவைத்துக்கு மறுபடி ஆள் எடுத்த வருஷம் அது. ஆற்றில் தண்ணீர் வருமோ வராதோ, குவைத்திலிருந்து பணம் வந்துவிடும். இந்தச் சம்பந்தத்தின் மேல் மனிதர் உயிரையே வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ஜோசப்ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடடா, காப்பி பிரமாதம்!" என்றார்.

"நம்ம மாட்டுப் பாலுங்க. டப்பாப் பால் இந்த வாசப்படி ஏறாது. நான் தினம் கறந்த சூட்டோட ஒரு சொம்பு பச்சைப்பால் குடிச்சிடுவேன். அதான் இந்த வயசுலயும் கால் இரும்பாட்டம் இருக்கு."

சமையலறையில் மனைவி ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டாள். மாட்டுப் பால் சொட்டு மிச்சமில்லாமல் டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் குடிப்பது கடுங்காப்பி. அன்று கரைத்தது, மாப்பிள்ளை வீட்டார் மரியாதைக்காகத் தரகரிடம் கொடுத்தனுப்பிய பையில் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் கிடந்த பால்பவுடர்.

சம்பந்தம் நிச்சயமாயிற்று. அந்த வாரமே மாடு எச்சில் ஒழுக, கட்டுத்தறியை முட்டி முட்டிச் செத்தது. வெறிநாய் கடித்த மாடு என்றார் மாட்டு டாக்டர். தினமும் பால் கறப்பவள் பூவம்மாள். மாட்டின் வாய்க்குள் கையை விட்டு மருந்து புகட்டியதும் அவள்தான். அவளை டாக்டர் கையோடு ஊசிக்கு அனுப்பினார். அவள் போட்டுக்கொண்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

மற்றவர்களுக்கு என்ன கேடு? சேதி எட்டியதும் மாப்பிள்ளை வீடு மொத்தமும் அதே வேனில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கியது. "காய்ச்சின பால்ல ஒண்ணும் வராதுங்க" என்று டாக்டர் தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டார்கள்? "உசுரு போனா நீங்களா தருவீங்க?" என்று மல்லுக்கு நின்றார் ஜோசப்ராஜ். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தக் காலத்து மருந்து, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

"வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று காதைக் கடித்தாள் ஆரோக்கியம்.

"சும்மா இருடி. ஊசிதானே, குத்துனா வலிக்கும். சம்பந்தம் முறிஞ்சா ஒட்ட வைக்க முடியுமா?"

"சம்பந்தி, பச்சையாவே குடிச்சவரு நீங்க, முதல்ல நீங்க போட்டுக்குங்க!" என்று ஜோசப்ராஜ் வழிவிட்டார். பெரியநாயகசாமி வீரமாகச் சட்டையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீடு மொத்தமும் வரிசையில் நின்று குத்திக்கொண்டது.

பத்தாவது ஊசிக்கு மறுநாள் இரும்புக் கால் இரண்டும் துணியாய்த் துவண்டுவிட்டன. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஹமீதா பானு காலைத் தட்டிப் பார்த்தார். கூடவே ஓடிவந்த சம்பந்தி கட்டிலருகே நின்றார்.

"ஆயிரக்கணக்குல யாரோ ஒருத்தருக்கு இந்த ஊசி நரம்பைத் தாக்கிடும். கடிபட்டவங்களுக்கு அதுக்காகப் போடாம இருக்க முடியாது, உசுரு போயிடும். உங்களுக்கு இனி இதைப் போடக் கூடாது. மருந்து கொடுத்தா கால் அநேகமாத் திரும்பிடும். ஆனா பச்சைப்பால் குடிச்சது நிசம்னா புது ஊசி ஒண்ணை மெட்ராஸ்லேருந்து வரவழைச்சாகணும். குடிச்சீங்களா?"

"நான் வரவழைக்கிறேன் டாக்டர்" என்றார் ஜோசப்ராஜ். கண் கலங்கியிருந்தது. "இவரை இப்படி விட்டுட்டு எப்படிப் போறதுன்னு எம்மவன் லீவை நீட்டிட்டான். வேலை போனாலும் போகட்டுங்கிறான்."

பெரியநாயகசாமி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"அவரு குடிக்கலீங்க" என்றாள் ஆரோக்கியம். "மாட்டுப் பக்கமே போகமாட்டாரு. நீங்க யாரும்கூடக் குடிக்கல. அன்னிக்குக் கரைச்சது நீங்க கொடுத்துவிட்ட டப்பாப் பால்."

ஜோசப்ராஜின் கை தானாக ஊசி குத்திய வயிற்றைத் தடவியது. "அன்னிக்கே வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அப்படியே நம்ம வீட்டுக் காப்பி மாதிரி இருக்கேன்னு" என்று முனகிவிட்டு வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

"சம்பந்தி!"

யாருக்கும் எழுந்திராத மனிதர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். இடுப்புக்கு மேலேதான் எழுந்தது. பக்கவாட்டில் சரிந்தவரை ஜோசப்ராஜ் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

"விடுங்க, நான் எந்திரிக்கணும்" என்று அழுதார் பெரியநாயகசாமி.

"பேசாம உட்காருய்யா. கல்யாணத்தன்னிக்கு எந்திரிச்சாப் போதும்."

கோபம் குரலில் அப்படியேதான் இருந்தது. பிடியை மட்டும் அவர் விடவில்லை.