அப்பாவின் ஹாரன்

கட்டிலோரத்துப் பட்டனை அவன் மறுபடியும் அழுத்திப் பார்த்தான். ஹாரன் வாயைத் திறக்கவில்லை. கட்டிலில் கிடந்த அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. நனைந்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும், ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. ஷெட்டிலிருந்து வந்தவன் இன்னும் கைகூடக் கழுவவில்லை. அவன் மனைவி மாற்று விரிப்போடு வந்தாள். மாமனாரை ஒருபக்கமாகப் புரட்டி, துடைத்து, உடை மாற்றிவிட்டு, சமையலறைக்குப் போய்விட்டாள்.

பகலெல்லாம் ஊரார் கார்களின் ஒயர்களோடு மல்லுக்கட்டுகிற எலக்ட்ரீஷியன் அவன். வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்பா என்று அலுப்பாக இருந்தது. ஆனால் யாரை நோவது? இந்த ஹாரன் அவனே இழுத்துவிட்டுக்கொண்ட வேலை. போன வருஷம் அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போனபோது, முதலில் ஒரு காலிங் பெல் வாங்கி மாட்டினான். குழாய் திறந்திருந்தால் கேட்கவில்லை என்று அவள் சொன்னதுதான் தாமதம், கழித்துப்போட்ட கார் ஒன்றின் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். பேட்டரியும், பட்டனை அழுத்தியதும் ஹாரனுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயும் கட்டிலுக்கு அடியில், பட்டன் அப்பாவின் இடது கட்டைவிரலுக்குக் கீழே, ஹாரன் சமையலறை வாசலுக்கு மேலே. முதல் நாள் அது அலறியதும், தன் காரை எவனோ கிளப்புகிறான் என்று எதிர்வீட்டுக்காரர் துண்டோடு தெருவுக்கு ஓடி வந்தார். ஒரு தடவை அடித்தால் தண்ணீர், இரண்டு தடவை அடித்தால் பாத்ரூம் என்று அவன் சட்டம் போட்டான். அப்பா எந்தச் சட்டத்துக்கு அடங்கியிருக்கிறார், இதற்கு அடங்க? ஆள் வந்து நிற்கும்வரை அழுத்துவார். அவனுக்கு அதில் பெருமைதான். ஷெட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான்.

டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தான். பேட்டரியில் உயிர் இருந்தது. ஃபியூஸ் போகவில்லை. "அப்பா, இப்ப அழுத்துங்க" என்றான். மேலே கட்டைவிரல் அசைய, அவன் காதருகே ரிலே 'டக்' என்றது. அப்படியென்றால் பட்டனிலும் கோளாறில்லை. அப்பா விடாமல் அழுத்தினார். டக், டக், டக். மத்தியானமெல்லாம் இவர் இந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாரா?

மிச்சம் இருந்தது ஹாரன்தான். ஸ்டூலைப் போட்டு ஏறினான். ஒயர் முனையிலிருந்த சாக்கெட் ஹாரனைவிட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாக்கெட் தானாகக் கழலாது. பக்கவாட்டில் ஒரு பூட்டு இருக்கிறது, நகத்தால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். அதன்மேல் அவன் சுற்றியிருந்த டேப்பும் கிழியாமல் உரிக்கப்பட்டு, திரும்ப ஒட்டுவதற்குத் தோதாகச் சுவரில் பத்திரமாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் பையைக்கூட மடித்து வைக்கிற கை இந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு.

"ஃபியூஸா?" என்றாள் அவள், அடுப்பைவிட்டுத் திரும்பாமல்.

கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அப்பாவின் காதில் விழுமே என்று விழுங்கிக்கொண்டான். "எர்த் விட்டுப்போச்சு."

"பொய் சொல்லாதீங்க. நான்தான் புடுங்கினேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஸ்டூலுக்குக் கீழே நின்றாள். "கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு மாட்டிடலாம்னுதான் நெனச்சேன். அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா வெயிலே போயிருச்சு. பாவம், எத்தனை தடவை அழுத்தினாரோ." அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"எப்போ? நீங்க அங்க, நான் இங்க. அவர் கூப்பிட்டாகூடப் பரவால்லங்க. ரோட்டுல எவன் ஹாரன் அடிச்சாலும் நான் எழுந்து ஓடுறேன். ஓடிப்போய்ப் பாத்தா மாமா தூங்கிட்டிருப்பாரு. இதைப் புடுங்கிட்டா, கேக்கற ஹாரன் எதுவும் அவர் இல்லன்னு தெரியுமில்ல. பகலு, ராத்திரி எல்லாம் இதே கூத்துதான். யார்கிட்ட சொல்றது இதை?"

அவன் சாக்கெட்டைத் தொங்கவிட்டுவிட்டு ஸ்டூலைவிட்டு இறங்கினான். எத்தனை கார்களின் கோளாறைக் கண்டுபிடித்தவன்! தெருவைப் பார்த்த வீட்டில் கார் ஹாரனை மாட்டினால், போகிற வருகிற கார் எல்லாம் அவளுக்கு அப்பாவாகிவிடும் என்பது மட்டும் அவன் மண்டையில் உறைக்கவே இல்லை. ஷெட்டில் சத்தம் தாங்காவிட்டால் அவன் டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். அவள் எங்கே கிளம்புவாள்? வெட்கமாக இருந்தது.

"நீ போய்ப் படு. நான் பாத்துக்கறேன்."

"சாப்பாடு?"

"போட்டுத் தின்னத் தெரியும். போ."

அவள் நடு அறையில் பாயை விரித்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்ததுதான் தெரியும், மூச்சு சீராகிவிட்டது. அவன் சாக்கெட்டை மாட்டவில்லை. நாளைக்கு வேறு ஏதாவது யோசிக்க வேண்டும், சத்தம் குறைந்ததாக, காரில் இல்லாததாக. அது அவளுக்குக் கேட்குமா? கேட்காவிட்டால்? யோசனை ஓடவில்லை. உடம்பு கெஞ்சியது. அப்பாவின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தான்.

அப்போது தெருமுனையில் ஒரு கார் நீளமாக ஹாரன் அடித்தது.

அவள் எழுந்துவிட்டாள். கண் இன்னும் திறக்கவில்லை. கை தானாகக் கூந்தலை அள்ளி முடிந்தது. கால் தானாக அப்பாவின் அறைக்கு நடந்து வந்தது.

"ரோட்டுல. அது ரோட்டுல அடிச்சது. நீ போய்ப் படு" என்றான் அவன்.

அவள் நம்பாமல் வாசற்படியிலேயே நின்று பட்டனைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு இடது கையைப் பட்டனிலிருந்து மெல்ல எடுத்தார். உயர்த்தி, தான் இல்லை என்பதுபோல், விரல்களை விரித்து உள்ளங்கையை அவளுக்குக் காட்டினார்.