கரடியின் வசனம்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இன்னும் அறுபத்தொரு மணி நேரம் இருந்தது. அதற்குள் மாரிட் இரண்டு காரியங்களை முடித்தாக வேண்டும். கரடிக் கதையை முடித்து அனுப்ப வேண்டும். ஆர்லோவிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டில் கரடியே தேவலை என்று தோன்றியது.

அவள் பதினான்கு காதல் நாவல்கள் எழுதியவள். ரொட்டிக்கடைக்காரி, கால்நடை மருத்துவர், மனைவியை இழந்த பண்ணைக்காரன் என்று எல்லோரையும் சேர்த்துவைத்துவிட்டாள். இரண்டு வருடமாக வாசகிகள் வேறு பக்கம் போய்விட்டார்கள். பகலில் மனிதன், வேளை வந்தால் மிருகம், அப்படிப்பட்ட காதலன்தான் இப்போது அவர்களுக்கு வேண்டும். ஓநாய்கள் ஏற்கெனவே நெரிசல். அதனால் கரடி.

ஆர்லோ துலூத் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றுகிறவன். நாலு தெரு கீழே அவன் வீடு. ஒன்றரை வருடப் பழக்கம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவனுடைய வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. நாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. போன வாரம் தொலைபேசியில், "நீ வண்டி ஓட்டி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவியா?" என்று கேட்டான். மாரிட் "சரி" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் உடனே ஹிப்பிங்கிலிருந்து வருவதாக இருந்த அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அவள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது; அவள் அதை ஓட்டி அவன் பார்த்ததில்லை. பனியில் ஓட்டப் பிடிக்காது என்று குளிர்காலத்தில் சொன்னாள். நடந்தால்தான் கதை வருகிறது என்று கோடையில் சொன்னாள். அவன் நம்பினான். சொன்னதை அப்படியே நம்புகிற ஆள். அதுதான் கஷ்டம்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டினா கூப்பிட்டாள். டல்சாவில் இருக்கிறாள். பதினொரு ஓநாய்க் கதைகள் எழுதியவள். மாரிட்டின் கதையைப் படித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, அவன் சட்டை எங்கடி போச்சு?"

"எந்தச் சட்டை?"

"காலெப் கரடியாயிட்டான். சட்டை, பேன்ட், பூட்ஸ் எல்லாம் எங்கே?"

"கிழிஞ்சு போயிருக்கும்."

"ஒவ்வொரு தடவையும் கிழிஞ்சா அவன் சம்பளம் துணிக்கடைக்கே சரியாப் போயிடும். மரப்பொந்துல ஒரு பை வை. எல்லாரும் அதான் செய்யறோம்."

மாரிட் குறித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. அவன் மாறுற இடம் இருக்கு பாரு, வாயில செம்பு ருசி, எங்கேயோ எரியற நாத்தம், முழிச்சா நாக்கு கடிபட்டிருக்கு, வெட்கத்துல யார் முகத்தையும் பார்க்க மாட்டேங்கறான். எனக்கு மயிர்க்கூச்செடுத்துச்சு. பதினொரு புஸ்தகத்துல நான் ஒரு தடவைகூட இப்படி எழுதினதில்லை. எங்கேடி புடிச்சே?"

"எங்கேயோ படிச்சேன்."

"சரி விடு. இப்ப திட்டறேன், கேட்டுக்கோ. அவன் ஏன் அவகிட்ட சொல்லவே இல்லை? முந்நூறு பக்கம். கல்யாணத்துக்கு மோதிரம் வாங்கிட்டான், இன்னும் சொல்லலை."

"சொன்னா ஜூனிபர் போயிடுவா."

"போகட்டுமே! போறதும் இருக்கறதும் அவ இஷ்டம். விஷயமே தெரியாம கூட இருந்தா, அது இருக்கறதுல சேர்த்தியா? எங்க கதைகள்ல ஒரே ஒரு சட்டம்தான். பாதிக்கதைக்குள்ள அவன் வாயைத் திறக்கணும். இல்லேன்னா என் வாசகிங்க புஸ்தகத்தைத் தூக்கி எறிவாங்க. அது கரடி இல்லடி, ஏமாத்துக்காரன்."

போனை வைத்த பிறகு மாரிட் சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். மாவு டப்பாவுக்குப் பின்னால் மாத்திரைப் புட்டி இருந்தது. இரவு மாத்திரையை விழுங்கினாள்.

பதினாறு வயதில் பள்ளி ஆய்வகத்தில் முதல் தடவை விழுந்தாள். கண் விழித்தபோது சுற்றிலும் ஷூக்கள். பாவாடை நனைந்திருந்தது. யாரோ அவள் பல்லிடுக்கில் அளவுகோலைத் திணித்திருந்தார்கள். அதன்பின் மாத்திரை, கொஞ்ச காலம் நிம்மதி, மறுபடி விழுதல். கடைசியாக ஐந்து வாரத்துக்கு முன்பு, குளியலறையில். வண்டிச் சாவியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முன்பு ஒருவன் இருந்தான். அவள் விழுந்ததை ஒரே தடவை பார்த்தான். அவன் விட்டுப் போகவில்லை, கத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கத்தி எடுத்தால் பார்த்தான். மாடிப்படி ஏறினால் பார்த்தான். சிரித்தால்கூட, சிரிப்புதானா என்று பார்த்தான். ஒரு வருடம் கழித்து, போய்விடு என்று மாரிட்டே சொன்னாள். ஆர்லோ அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவன் பாட்டுக்கு சூப்பைக் குடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். அந்த முதுகுக்காகத்தான் இத்தனை பொய்யும்.

சனிக்கிழமை முழுவதும் எழுதினாள். காலெப் ஜூனிபரிடம் உண்மையைச் சொல்கிற காட்சி. முதல் தடவை ஜூனிபர் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள். கதை அங்கேயே முடிந்துபோனது. அழித்தாள். அடுத்த தடவை ஜூனிபர் அழுதாள், அதற்கடுத்த தடவை மயங்கினாள். அழித்தாள். எழுந்து பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். காப்பி போட்டு, குடிக்க மறந்து, இன்னொரு காப்பி போட்டாள். ஏரியில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. கப்பலுக்கு வழிவிட உயரும் தூக்குப் பாலம் பதிலுக்கு ஊதியது. கப்பலுக்கும் பாலத்துக்கும் இது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்தாள்.

டாக்ஸி பிடிக்கலாமே என்றும் நினைத்தாள். திங்கட்கிழமை காலை, வண்டி கிளம்பவில்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பொய்யும் நன்றாகவே வந்தது. பொய் வருகிற வேகத்தில் கதை வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஆர்லோ காட்டரிசி சூப்புடன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"உன் வண்டிக்குப் பனி டயர் போடச் சொல்லிட்டேன். கராஜ் பையன் சாயங்காலம் வந்து மாட்டிடுவான். பணம் குடுத்தாச்சு, வாயைத் திறக்காதே."

மாரிட் வாயைத் திறந்தாள். மூடினாள்.

"என்ன, கரடி கடிச்சிடுச்சா? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒரு காட்சி வரமாட்டேங்குது."

"குடு, படிக்கறேன்."

எந்தப் புத்தகமும் வெளியே போவதற்கு முன்பு காதலனின் வசனத்தை ஆர்லோ சத்தமாகப் படிப்பது வழக்கம். கப்பலில் எத்தனை டன் ஏறியது என்று சொல்கிற அதே குரலில்தான் படிப்பான். அந்தக் குரலிலும் ஒரு வசனம் நின்றால், அது நல்ல வசனம். நாற்காலியில் காலை நீட்டி முழங்கால் மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டான்.

"'ஜூனிபர், நான் உங்கிட்ட ஒண்ணை மறைச்சிருக்கேன்.'"

மாரிட் ஜூனிபரின் வரியைப் படித்தாள். "'நீ எதுவா இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை, காலெப்.'"

ஆர்லோ தாளை இறக்கினான். "சுத்தப் பொய்."

"ஏன்?"

"என்னன்னே இன்னும் கேக்கலை. அதுக்குள்ள பரவாயில்லையாம். இவளுக்குக் காது கேக்குதா, இல்லையா?"

"நீயா இருந்தா என்ன சொல்லுவே?"

"சொல்ல மாட்டேன், கேட்பேன். நூறு கேள்வி கேட்பேன். எழுது. நீ கரடி, நான் ஜூனிபர்." தொண்டையைக் கனைத்துக் குரலை உயர்த்தினான். "'அடப்பாவி காலெப், எத்தனை வருஷமா இது?'"

மாரிட் சிரித்துவிட்டாள். பிறகு, "பதினாறு வயசுலேர்ந்து" என்றாள்.

"'வரப்போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?'"

"சில சமயம். வாயில செம்புக் காசை வெச்ச மாதிரி இருக்கும். சில சமயம் எதுவுமே தெரியாது."

"'வலிக்குமா?'"

"அப்ப தெரியாது. அப்புறம் உடம்பு பூரா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். தூங்கணும். யாரும் பார்த்திருக்கக் கூடாதேன்னு இருக்கும்."

ஆர்லோவின் குரல் தன் இடத்துக்கு இறங்கிவிட்டது. "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிஷம். கூடப் போனா மூணு."

"அந்த நேரத்துல நான் என்ன செய்யணும்? ஓடணுமா?"

"ஓட வேண்டாம். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வை. தலைக்குக் கீழே மெத்துன்னு எதையாவது வை. வாயில மட்டும் எதையும் திணிக்காதே." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்புறம், நல்லா ஆனப்புறம், என்னையே பார்த்துக்கிட்டு இருக்காதே."

அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. பேனா மேசைமேல் கிடந்தது. ஆர்லோ அதைப் பார்த்தான். கையிலிருந்த தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"கரடியை எதுக்கு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்?" என்றான்.

ஐஸ் பை அவன் முழங்காலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"மாரிட். பதினாறு வயசுலேர்ந்து யாருக்கு?"

"நாளைக்கு என்னால வண்டி ஓட்ட முடியாது, ஆர்லோ. நாளைக்கு மட்டும் இல்லை." மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வலிப்பு நோய் இருக்கு."